அடுப்படி ஓரத்து மேசை

“மாமு, இங்கிட்டு வாங்க. உள்ள தனியா மேசை இருக்கு. நிம்மதியாச் சாப்பிடலாம்” என்று ஓட்டல்காரர் தௌஹீத் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

ஷேக் பரீது கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“நான் சஹன்ல உக்கார வந்தேன்.”

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து, கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் பாதி அந்த ஓட்டலுக்குள் வந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து, மூன்று பேருக்கு ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு வைப்பார்கள். அதுதான் சஹன். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சஹன்.

சர்க்கரை வியாதி ஷேக் பரீதின் பார்வையைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் மகள் ரூமானா வாங்கிவந்த பொட்டலத்தை வீட்டில் பிரித்துத்தான் சாப்பிட்டார். இன்றைக்கு அவளிடம் சொல்லாமல், கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாக வந்திருக்கிறார்.

தௌஹீத் சொன்ன ‘உள்ளே’ எது என்று அவருக்குத் தெரியும். கைகழுவும் தொட்டியைத் தாண்டிப் பதினோரு அடி. அடுப்படியை ஒட்டி ஓர் ஒற்றை மேசை. மின்விசிறி கிடையாது. உட்கார்ந்தால் முகம் சுவரைப் பார்த்திருக்கும்.

“கூட்டம் சாஸ்தி மாமு. யாரு காலாவது இடறிவிட்டுரும். அதுவுமில்லாம, கூட உக்கார்றவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க. உள்ளன்னா நானே பக்கத்துல நின்னு பரிமாறுறேன். காசும் வேணாம்.”

தௌஹீத் கெட்டவர் அல்ல. குரலில் இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கம்தான் தைத்தது.

“காசு குடுத்துத்தான் சாப்பிடுவேன் தம்பி. கூடத்துலதான் சாப்பிடுவேன்.”

கைத்தடியால் பாயின் விளிம்பைக் கண்டுபிடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சஹன் முன்னால் வந்து இறங்கியது. நெய்யும் பட்டையும் மணந்தன.

யாரும் வரவில்லை.

சுற்றிலும் பேச்சுக் குறைந்தது. காலடிகள் பக்கத்தில் வந்து, நின்று, வேறு பக்கம் போயின. சோற்றின் ஆவி அடங்கிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. தனியாகக் கை வைத்தால் இந்த இடமும் அந்த ஒற்றை மேசையாகிவிடும்.

சஹனுக்கு ஒரு முறை உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. அதற்குக் கண் எதற்கு?

எழுந்து நின்று இதை உரக்கக் கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. படைத்தவனிடம் பொறுமையைக் கேட்டுக்கொண்டு, தொடைமேல் கைகளை வைத்தபடி இருந்தார்.

“பாய், இங்க உக்காரலாமா?” புதுக் குரல். டீசல் வாடை. “மீன் லோடு ஏத்த வந்தேன். பேரு கார்முகில். இப்படி ஒரே தட்டுல சாப்பிட்டுப் பழக்கமில்ல. எந்தப் பக்கம் கை வைக்கணும்னு தெரியல.”

“எனக்குத் தட்டே தெரியலப்பா. உக்காரு.”

கார்முகில் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துச் சஹனிலும் யாரோ சிரித்தார்கள். வாசலில் இடம் பார்த்து நின்ற ஐஸ் கம்பெனி உமைர் வந்து மூன்றாவதாக உட்கார்ந்தார்.

“மாமு, கறி ஒங்க பக்கம் தள்ளியிருக்கேன். தாளிச்சாக் கிண்ணம் வலது கைக்கிட்ட. தண்ணி இடது பக்கம். பிஸ்மில்லா சொல்லுங்க.”

எது எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் நடுவில் சோறு வரப்புப் போல நின்றது. ஷேக் பரீதின் விரல் ஒரு தடவைகூட அதைத் தாண்டவில்லை. கார்முகிலின் கைதான் இரண்டு தடவை உமைரின் கறிக்குப் போய்த் திரும்பியது.

கை கழுவிவிட்டு ஷேக் பரீது கல்லாவுக்கு வந்தார். யாரும் கைப்பிடித்து வரவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தார்.

“தம்பி, உள்ள கெடக்குற மேசைய எடுத்துரு.”

தௌஹீத் தயங்கிச் சொன்னார்:

“அது நான் போட்டதில்ல மாமு. ஒங்ககிட்ட கடைய வாங்கினப்பவே அங்கதான கெடந்துச்சு.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

கட்டுமாவடி நெய்னாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சஹன் சாப்பிட பஸ் ஏறி வருவார். கல்லாவிலிருந்து இறங்கிப்போய், கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, உள்ளே அந்த மேசையில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று பரிமாறியவர் ஷேக் பரீது. காசு வாங்கியதில்லை. பெரிய நன்மை செய்வதாக நினைத்திருந்தார்.

நாலாவது வெள்ளிக்குப் பிறகு நெய்னா வரவில்லை. ஏன் என்று கேட்க அன்றைக்கு ஷேக் பரீதுக்குத் தோன்றவும் இல்லை.

கைத்தடியைத் தட்டிக்கொண்டு வாசற்படி இறங்கும்போது அவர் திரும்பிச் சொன்னார்:

“அடுத்த வெள்ளிக்குக் கூடத்துல ரெண்டு எடம் வை. நெய்னாவத் தேடிக் கூட்டிக்கிட்டு வாரேன்.”