‘பிறகு’ என்கிற பொத்தான்

"இங்க வாயேன்! சீக்கிரம் வாயேன்!"

முன்னறையிலிருந்து கணவர் போட்ட சத்தம் போட்டோ ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. மிச்சமிருந்த டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரே சிவப்பு. நடுவில் பெரிய பூட்டுப் படம். உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, மூன்று நாளுக்குள் பணம் கட்டினால்தான் திறப்போம் என்று கீழே எழுதியிருந்தது.

"நான் எதையும் தொடலம்மா. வந்தேன், ஆன் பண்ணினேன். அவ்வளவுதான்."

"சனிக்கிழமை மஞ்சப் பெட்டி வந்துச்சா?"

"அது எப்பவும் வர்றதுதானே? ‘பிறகு’ அமுக்கினேன்."

அந்த மஞ்சள் பெட்டி தினமும் காலையில் திரையில் வரும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், இப்போதா, பிறகா என்று கேட்கும். ஷட்டரைத் தூக்குவது, லைட்டைப் போடுவது, ‘பிறகு’ அமுக்குவது. ஆறு வருஷமாக இதுதான் இந்த மனிதர் கடை திறக்கும் லட்சணம்.

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கல்யாண ஆல்பங்களைப் பக்கம் பக்கமாக அமைப்பது அவள் வேலை. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, போய் உலை வைத்துவிட்டு வரலாம். திறந்தது பாதியில் உறைந்து நின்றால் மறுபடி முதலிலிருந்து. கழுத்து வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு வயிறும் கெட்டுப்போனதுதான் மிச்சம். படங்களைப் பிரதி எடுத்துத் தனியே வைக்க வாங்கிய டிஸ்க்கும், கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, அதே கம்ப்யூட்டரின் முதுகில் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தம்பி கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன். "மாமா, இந்தப் பழசைத் தயாரிச்சவனே கைவிட்டுட்டான், மாத்துங்க" என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்துவிட்டான். "உன் தம்பிக்குக் கமிஷன் கிடைக்கும், அதான் கத்துறான்" என்று இவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அப்புறம்தான் அக்காவும் தம்பியும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது அவன் மாற்றுச் சாவியோடு வந்து, முன்னறைக் கம்ப்யூட்டரில் ஒரு பொய்ப் பூட்டுப் படத்தைப் போட்டுவிட வேண்டும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மனுஷன் பயந்து வழிக்கு வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் படம் போய்விடும்.

கறுப்பு என்று சொன்ன பயல் சிவப்பைப் போட்டிருக்கிறான். அதுவும் நல்லதுதான், சிவப்பைப் பார்த்தால் பயம் இன்னும் கூடும் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் உள்ளறைக்கு ஓடிப்போய் அங்கிருந்த இன்னொரு கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அதுவும் போச்சும்மா. அதே பூட்டு."

அதைப் பற்றிப் பேச்சே இல்லையே! ஒன்று கேட்டால் இரண்டாகச் செய்திருக்கிறானே, கெட்டிக்காரன்.

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "பதினோரு மணிக்கு அந்தக் கல்யாணப் பொண்ணு வருது. கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாள் அவ அப்பா போயிட்டாரு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த மனுஷன் சிரிச்ச படம் இதுல மட்டும்தான் இருக்கு. கேமரா கார்டைக்கூட அழிச்சுட்டு அடுத்த வேலைக்கு எடுத்துட்டேன். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்?"

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். இருபது வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ரொம்பப் பாவமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோமோ என்று மனசு உறுத்தியது. ஆனாலும் இப்போது விட்டால் இந்த மனிதரை எப்போது பிடிப்பது?

"இப்பவாவது மாத்துவீங்களா?"

"மாத்தறேன். உன் தம்பி என்னென்ன சொல்றானோ அத்தனையும் வாங்கறேன். அந்த ஒரு படம் திரும்பி வந்தாப் போதும். உன் தலைமேல சத்தியம்."

"என் தலை எதுக்கு? உங்க தலைமேலயே பண்ணுங்க."

அவர் தன் தலையில் கை வைக்கவும், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வரவும் சரியாக இருந்தது. வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, ஆல்பம் மெதுவா வரட்டும். அப்பா படத்தை மட்டும் ஒரு தடவை காட்டறீங்களா? ரெண்டு நாளா தூக்கமே வரல."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உக்காரும்மா. ரெண்டே நிமிஷம், இதோ காட்டறேன்" என்றாள் அவள். கணவர் நிமிர்ந்து அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷத்து அலுப்பு அன்றைக்குத்தான் தோளைவிட்டு இறங்கியதுபோல் இருந்தது.

"டேய், போதும்டா. மாமா தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. அந்தப் பொண்ணு வந்து உக்காந்திருக்கு. எந்தப் பொத்தானை அமுக்கணும், சீக்கிரம் சொல்லு."

"எந்தப் பொத்தான்?" என்றான் அவன் தூக்கக் கலக்கத்தில். பிறகு நினைவு வந்தது. "அக்கா, திட்டாத. புள்ளைக்குக் காய்ச்சல்னு நேத்து முழுக்க ஆஸ்பத்திரியிலயே கிடந்தேன். நான் இன்னும் கடைப்பக்கமே வரலையே!"