அம்மாவுக்கு வராத மெஷின்

"ஐயோ, எனக்கு இதெல்லாம் வராதும்மா!"

சரோஜா கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் திணித்துவிட்டாள்.

தனுஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே என்ன? யூனிவர்சிட்டியில் ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ப்ராஜெக்ட்டாக்கும்! வீட்டிலிருக்கும் பழைய வாஷிங் மெஷினில் பட்டன் எழுத்தெல்லாம் தேய்ந்து போச்சு. இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தால், தண்ணீர், நேரம், பிழிதல் என்று தமிழ் எழுத்து அந்தரத்தில் மிதக்கும். வேண்டியதைக் காற்றிலேயே கிள்ளினால் மெஷின் ஓடும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

"கிள்ளும்மா. தேயிலைக் கொழுந்து கிள்ளுற மாதிரிதான்லா."

"கொழுந்துன்னா கையில தட்டுப்படும். வெறுங்காத்த எப்படிடி கிள்ளுறது?"

"பத்து நாளைக்குள்ள நீ ஓட்டுற வீடியோ கொடுக்கலைன்னா எனக்கு மார்க்கு கெடையாதும்மா!"

ஜன்னலோரம் போர்வைக்குள் கிடந்த அப்பா தங்கராஜு மெல்லத் தலையை நீட்டினார். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் மெஷின் ஓட்டியவர். ரிட்டயர் ஆகி நாலு மாசம்.

"கொண்டா இங்க. மெஷினைப் பத்தி ஒங்கம்மாவுக்கு என்னா தெரியும்?"

கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போன தனுஜா, அடுத்த சனிக்கிழமைதான் திரும்பினாள். வந்து பார்த்தால் துணி துவைப்பது அப்பா வேலையாகிவிட்டிருந்தது! காற்றைக் கிள்ளினார், மெஷினை அதட்டினார், சவர்க்காரத் தூளை அரைப் பாக்கெட் கொட்டினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று கைதட்டின.

அம்மாவோ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஒங்களுக்குத்தாங்க இதெல்லாம் கை வரும்" என்று தூபம் போட்டாள். நல்ல ஆளுதான்!

"இந்தக் குளிரு இருக்கே, மத்தியானம் ஆனாலும் துணி சொட்டச் சொட்ட நிக்குதும்மா" என்று அலுத்துக்கொண்டே அப்பா துணியைக் கொடியில் போட்டார். அப்புறம் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் சேக் தாவூத் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

அப்பா ஓட்டும் வீடியோவைக் கொடுத்துவிடலாம் என்று போனில் கேட்டால், லெக்சரர் ஒத்துக்கொள்ளவில்லை. மெஷின்காரர் மெஷின் ஓட்டுவதில் என்ன அதிசயம் என்று கேட்டுவிட்டார்.

தனுஜா பெருமூச்சோடு லேப்டாப்பைத் திறந்தாள். யார் எப்போது ஓட்டினாலும் அதில் பதிவாகிவிடும். தினமும் காலை எட்டு மணிக்கு அப்பா. பத்துத் தப்பு, பன்னிரண்டு தப்பு.

தினமும் பத்தரைக்கு இன்னொரு தடவை. ஒரு தப்புகூட இல்லை!

"அம்மா! பத்தரைக்கு யாரும்மா துவைக்கிறது?"

சரோஜா வாசலை எட்டிப் பார்த்தாள். "அப்பா போயிட்டாரா?"

"போயிட்டாரு. சொல்லு."

"அவரு கொட்டுற சவர்க்காரத்துக்கு, மறுபடி அலசலைன்னா ஒடம்பெல்லாம் அரிக்கும்டி."

"அப்ப ஒனக்கு நல்லாவே வருது! வேலைக்குச் சோம்பல்பட்டுக்கிட்டு அப்பாவ ஏமாத்துறியா? நடிப்பா? ச்சே! என் மார்க்கு போனா ஒனக்கு ஒண்ணுமில்லயா?"

தனுஜா போனைத் தூக்கினாள்.

"கண்ணாடியைப் போடு. இப்பவே வீடியோ எடுக்கிறேன்."

"வேணாம் தனு. நாலு பேரு பாப்பாங்க. எப்படியும் ஒங்கப்பா காதுக்கு வந்துரும்."

"வரட்டுமே! ரெண்டு பேருமா சேர்ந்து துவைங்க."

"நான் இவ்வளவு சுளுவா ஓட்டுறேன்னு தெரிஞ்சா, அவரு மறுபடி போய்ப் படுத்துக்குவாருடி. மார்க்கு இன்னொரு தடவ வாங்கிக்கலாம்லா."

"என்னம்மா சொல்ற?"

சரோஜா வாசலை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"நாலு மாசமா குளிக்கக்கூட எழுந்திரிக்காத மனுசன், இந்த ஒரு வாரமாத்தான் விடிஞ்சதும் சவரம் பண்ணி, ஃபேக்டரிச் சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, மெஷின் ஓட்டணும்னு."