நாற்பது கட்டில்

"பொண்ண அனுப்ப மாட்டேன் தொரை. என்னைத் தூக்கி இந்தச் சுண்ணாம்புத் தொட்டியில போட்டாலும் சரி."

பூவம்மாள் உலக்கையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், தோல் பதனிட இடித்த ஆவாரம்பட்டை ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஆம்பூர்த் தோல்ஷாப்பில் பட்டை இடிக்கிற பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

எதிரே மிஷன் துரை. ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் சின்னஞ்சிறு பூட்ஸ் ஒரு ஜோடி, புத்தம் புதுசு. வாசலில் ஜட்கா காத்திருந்தது. பதினோரு மணிக்கு மதராஸ் ரயில்.

"பூவம்மாள், அவளுக்கு ஏழு வயது நிறைவாயிற்று," என்றார் துரை, வேதபுத்தகத் தமிழில். "இனி அவள் விடுதிப் பள்ளிக்குப் போகவேண்டும். இடம் கிடைத்திருக்கிறது."

"ஏன், இங்க பள்ளிக்கூடம் இல்லியா? மணல்ல விரல வெச்சு எழுதுறா. பதினாறாம் வாய்ப்பாட்ட மூச்சு விடாம சொல்றா. மத்தியானம் மணி அடிச்சா ஓடியாந்து என் கூழுல கைய வெக்கிறா. இதுல இன்னா கொறைஞ்சு போச்சு?"

"எங்கள் தேசத்தில் குழந்தைகளை இப்படி வளர்ப்பதில்லை. விடுதியில் நாற்பது கட்டில், வரிசையாக. மணி அடித்தால் எழுவார்கள், மணி அடித்தால் ஜெபிப்பார்கள். ஒழுங்கு வரும்."

"ஜுரம் வந்தா?"

"தாதி இருப்பாள்."

"பயந்துகினு அழுதா?"

துரை தயங்கினார். "அழக்கூடாது என்று கற்றுக்கொடுப்பார்கள்."

"யம்மா, அதுக்கும் பாடம் வெச்சிருக்கான்டி!" என்றாள் பக்கத்து உரலில் நின்ற கெங்கம்மாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு மேஸ்திரி முனிரத்தினம் ஓடிவந்தான். "ஏ பூவம்மா, இன்னா பேஜாரு இது? துரை சொன்னா கேட்டுக்கோ. இல்லாட்டி நாளைக்கு உனக்கு இங்க வேலை கெடையாது!"

"வேணாம் போய்யா. ஏழு வருஷமா என் மாருலயும் மடியிலயும் கெடந்த பொண்ணு. பத்து வருஷம் கண்ணுல காட்ட மாட்டாங்களாம். நான் பட்டை இடிச்சுகினு இருக்கணுமா?"

"பால் கொடுத்தவள் நீ. அதை நான் மறக்கவில்லை," என்றார் துரை மெதுவாக. "என்னையும் ஆறு வயதில் இப்படித்தான் அனுப்பினார்கள். நான் என்ன கெட்டா போனேன்?"

பூவம்மாள் உலக்கையைக் கீழே ஊன்றினாள்.

"பத்து வருஷம் கழிச்சுப் பாத்தப்போ, உங்க அம்மாவ உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா தொரை?"

துரை கடிகாரத்தை மூடினார். மறுபடி திறந்தார். மணி பார்க்கவில்லை.

"ஸ்டேஷனில்... வேறொரு அம்மாளிடம் ஓடிப்போய் முத்தம் கொடுத்துவிட்டேன்."

இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை. தொட்டியில் தோல் அலசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அது தெரிஞ்சுமா இன்னொரு கொழந்தைய அங்க தள்ளப் பாக்கறீங்க?"

துரை வாய் திறப்பதற்குள் பட்டைக் குவியல் பொலபொலவென்று சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன உருவம் புறப்பட்டு உச்சியில் ஏறி நின்றது. தலை முதல் கால்வரை தூள் அப்பியிருந்ததில் முடி எது, முகம் எது என்று தெரியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, துரையைப் பார்த்து ஒரே கத்தல்:

"அப்பா, பங்களாவுல பெட்டி கட்டுற அம்மாகிட்ட போய்ச் சொல்லிடு! நான் சீமைக்குக் கப்பல் ஏற மாட்டேன்!"