மூடாத அலமாரி

எங்கள் வளர்ப்புக் கோழிக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி உட்கார வைத்தும் வரவில்லை, தலை தொங்கிவிட்டது. கோழிக்குப் பிரசவம் என்று சொல்லக் கூசி, எனக்கு வயிற்றுப்போக்கு என்று பாசிர் கூடாங் பேக்டரியில் லீவு கேட்டேன்.

“பிரசவம் கஷ்டமானா வீட்டுல எல்லாத்தையும் திறந்து வைக்கணும்ங்க,” என்றாள் மனைவி ரூபினி.

கதவு, பிரிட்ஜ், அரிசி டின், கார் பானட் வரை திறந்தேன்.

“வாயையும் திறக்கவா?”

“அது என்னைக்கு மூடுச்சு லா!”

முட்டை வந்தது. கோழி எழுந்து நடந்தது.

எல்லாவற்றையும் மூடினேன். பிறக்காமலே போன எங்கள் பிள்ளைக்கு வாங்கிய துணிகள் இருக்கும் அலமாரி மட்டும் மூட வரவில்லை. தள்ளினால், உள்ளேயிருந்து ஏதோ மெதுவாகத் திருப்பித் தள்ளியது.

“அவசரப்படுத்தாதீங்க,” என்றாள் ரூபினி. தொட்டியைக் கழுவி, புதிதாக வெந்நீர் நிரப்பி, அலமாரி முன்னால் வைத்தாள்.