வாடகைச் சட்டை

கவரைப்பேட்டை ஸ்டேஷனை ஒட்டிய ஓட்டலில், கூரைக் கண்ணாடி வழியே நடுப்பகல் வெயில் ஒரே ஒரு மேசைமேல் விழுகிறது. அங்கே போய் உட்காருகிறான் கலியன். பழவேற்காட்டில் வலை இழுக்கிறவன். தொழிற்சாலையில் வேலை கேட்கப் போவதற்காகச் சலவைக்காரரிடம் வெள்ளை டெரிலின் சட்டை ஒன்றை வாடகைக்கு வாங்கி மாட்டியிருக்கிறான். யாருடைய சட்டை என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. போன வாரம் வெற்றுடம்போடு வந்தவனை வாசலிலேயே நிறுத்தித் தகரக் குவளையில் டீ ஊற்றிய அதே சர்வர் துளசிராமன், இன்று ஓடிவந்து மேசையைத் துடைக்கிறான், மின்விசிறியைப் போடுகிறான், இலை விரித்துச் சோறும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் வைக்கிறான். “நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியே,” என்கிறான் கலியன். “உங்களுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியாதா சார்? ரெண்டு வாரமா ஆளையே காணோம்.” துளசிராமனின் கண் முகத்துக்கு ஏறவே இல்லை, சட்டைப் பையின் ஓரத்தில் நீல நூலால் போட்ட தையலிலேயே நிற்கிறது. நெய் ஊற்றக் குனிந்தவன் குரலைத் தாழ்த்துகிறான். “ரயில்ல அடிபட்டு நீங்க பூட்டீங்கன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க சார்.” மின்விசிறி கிறீச்சிடுகிறது. கலியன் குனிந்து பையோரத்து நீலத் தையலைப் பார்க்கிறான். ஜில்லிட்ட விரல்களால், ஆவி பறக்கும் சோற்றைப் பிசைகிறான்.