பறைப் பதக்கம்

கல்யாண மண்டபத்தில் எல்லாருடைய இசை நகையும் அவரவர் நாடித்துடிப்புக்கு ஏற்பத் தானாக ஒலித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வசுந்தராவின் காதில் குட்டி வீணைகள். அவள் மகளின் கழுத்தில் புல்லாங்குழல். மணப்பெண் நிறைமதியின் கழுத்தில் மட்டும் வெள்ளி வளையத்தில் கட்டிய ஒரு ரூபாய்க் காசளவுப் பறை. அதில் கட்டியிருந்தது இறந்துபோன அப்பா கடைசியாக அடித்த பறையின் தோல். காலையில் அவர் செய்வது போலவே அதைத் தீயில் காட்டி இறுக்கித்தான் அணிந்திருந்தாள்.

வசுந்தரா குனிந்து கிசுகிசுத்தாள். "நல்ல காரியத்துல சாவு மேளம் எதுக்கும்மா? முகூர்த்தம் முடியற வரைக்கும் கழட்டி வச்சிடு."

"நான் பொறந்தப்பவும் எங்கப்பா இதைத்தான் அடிச்சார், அத்தை."

"எங்க சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க? சத்தத்தையாவது குறை."

நிறைமதிக்கு நெஞ்சு படபடத்தது. பதக்கம் உடனே வேகம் பிடித்தது. வீணையும் குழலும் அதில் அமுங்கிப்போயின. மேடையோரத்துத் தவில்காரர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"குறைக்கிறதுக்கு இதுல வழியில்ல" என்றாள் நிறைமதி, குனிந்த தலையை நிமிர்த்தி. "நீங்க பேசப் பேச இன்னும் கூடும். பேசுங்க அத்தை."