அணைச்சிடுங்க அண்ணா

"டேய், நீ கை வைக்கிறது வலது இன்ஜின். எரியறது இடது."

பின் இருக்கைத் துப்பாக்கிக்காரன் சொன்னதும் விமானி சூடு பட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். கல்லூரி ஆய்வகத்து நாற்காலியில் உட்கார்ந்து கணினித் திரையில் ஓட்டுகிற போர் விமானம்தான். வியர்வை மட்டும் அசல்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. அவர்கள் அணியில் மிச்சமிருந்தது இந்த ஒரே விமானம். தரையிறக்கி, இரண்டு இன்ஜினையும் அணைத்தால்தான் அது பத்திரமாகத் திரும்பியதாகக் கணக்கு.

விமானிக்கு அணி வைத்த பெயர் 'ஒருவழி'. கிளம்பிப் போவான், திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. "இன்னிக்கும் விமானத்தைத் தொலைச்சே, நாளையில இருந்து நீ டீமுக்கு வயர் சுத்தற வேலைதான் பார்ப்பே" என்று கேப்டன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான். டவரில் உட்கார்ந்து வழிகாட்டும் வேலையையும் வேறு யாரையும் நம்பித் தராத அந்தக் கேப்டன், ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே சுடப்பட்டு, இப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். செத்தவர்கள் பேசக் கூடாது என்பது விதி.

"இடது த்ராட்டிலைக் குறைச்சாச்சு. பெட்ரோலை அடைச்சாச்சு."

"நெருப்பு?"

"அணைஞ்சிடுச்சு. ஆனா கண்ணாடி பூரா எண்ணெய். காம்பஸ் பம்பரம் மாதிரி சுத்துது. நாம எங்க இருக்கோம்னே தெரியலடா."

"பொது ரேடியோல கேளு."

ஒருவழி மைக்கை வாயருகே இழுத்தான். "யாராச்சும் இருக்கீங்களா? ஒத்தை இன்ஜின்ல வந்துட்டிருக்கோம்."

"இருக்கேன் அண்ணா" என்றது ஒரு பெண்குரல். "டவர்ல இருந்துதான் பேசறேன். பதறாதீங்க."

"யாருடா இது?" என்றான் துப்பாக்கிக்காரன்.

"போட்டி நடத்துறவங்க வச்ச ஆளா இருக்கும். எவ்வளவு மரியாதையாப் பேசறா பாரு. நம்ம பசங்களுக்கு வருமா?"

"அண்ணா, உங்க பின்னாடி எதிரி விமானம் ரெண்டு வருது. மேகத்துக்குள்ள இருக்கு."

துப்பாக்கிக்காரன் திரையோடு மூக்கை ஒட்டினான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"மேகத்துக்குள்ள இருந்தா எப்படிடா தெரியும்? வாயை மூடிட்டு உட்காரு."

"இடது பக்கம் திரும்புங்க அண்ணா. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப சக்கரத்தை இறக்குங்க."

சக்கரம் தரையைத் தொட்டது; எகிறியது; மறுபடி தொட்டது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடி, நின்றது.

"இறங்கிட்டேன்" என்றான், யாரோ செய்த காரியத்தைச் சொல்வதுபோல.

"அருமை அண்ணா. வலது இன்ஜினையும் அணைச்சிடுங்க."

"இருடா, அவசரப்படாதே" என்றான் துப்பாக்கிக்காரன். "எதிரி வந்தா மறுபடி கிளம்ப வேணாமா? எண்ணெய் வடியட்டும். எங்க நிக்கிறோம்னு ஒரு தடவை பார்த்துக்கலாம்."

ஒருவழியின் விரல் சுவிட்சின் மேலேயே நின்றது.

"சத்தத்தை வச்சுத்தான் உங்களைத் தேடறாங்க அண்ணா. அணைச்சாத்தான் தப்பிப்பீங்க. வந்துட்டாங்க, சீக்கிரம்."

ஒருவழி தலையைத் தூக்கினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேப்டன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசி, எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"அங்க பாரு. நமக்காக அவன் என்னைக்காவது இப்படிக் குதிச்சிருக்கானா?"

துப்பாக்கிக்காரனும் பார்த்தான். பார்த்ததும் அவன் சந்தேகம் போயிற்று. "சரி, அணைச்சிடு."

த்ராட்டில் இறங்கியது. பெட்ரோல் அடைபட்டது. விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றி, ஒரு குலுக்கலோடு நின்றது. திரையில் பச்சை எழுத்துகள் வந்தன: 'விமானம் பத்திரம்.'

ஒருவழி நாற்காலியில் அப்படியே சாய்ந்தான். "ரொம்ப நன்றிம்மா. நீ மட்டும் இல்லேன்னா எங்க கதை முடிஞ்சிருக்கும்."

"நாங்கதான் அண்ணா நன்றி சொல்லணும்" என்றது குரல், அதே மரியாதையுடன். "எங்க மைதானத்துல அணைச்ச விமானம் விதிப்படி எங்களுக்குத்தானே? எங்ககிட்ட பேருக்குக்கூட ஒரு விமானம் மிச்சம் இல்லாம, கையைப் பிசைஞ்சிட்டு உட்கார்ந்திருந்தோம்."